‘வலிக்காது’ என்று சொல்லாதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். நாக்பூர் வெயிலும் ஹாஸ்டல் சப்பாத்தியும் உனக்குப் பழகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். ஒருபக்கம் உங்கப்பா குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தார், இன்னொரு பக்கம் அம்மாயி தன் முறைக்காகக் காத்திருந்தார். நடுவில் தொழில் பேச முடியுமா? “குழந்தைங்க சேர்ல உக்காந்ததுமே அழ ஆரம்பிச்சிடுதும்மா. வலிக்காது, வலிக்காதுன்னு சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வலிக்குது. நீ உன்கிட்ட வர்றவங்ககிட்ட என்னதான் சொல்லுவ?” என்றாய். ஹிப்னாடிஸ்ட் மகள் என்று பள்ளிக்கூடத்தில் கிண்டல் செய்தார்கள் என்று அழுதுகொண்டு வந்த பிள்ளை, இன்று பல் டாக்டராக நின்று என் தொழிலில் ஒரு சந்தேகம் கேட்கிறாய். எனக்கு அன்று ராத்திரி முழுக்க அதே சந்தோஷம்தான். அதனால் விலாவாரியாகவே எழுதுகிறேன்.

அந்தக் குழந்தைகளை நீ ஹிப்னாடிசம் செய்யவே வேண்டியதில்லை. பயந்துபோன குழந்தை நாற்காலியில் உட்காரும்போதே பாதி அந்த நிலையில்தான் இருக்கிறது. சுற்றி நடக்கும் வேறு எதையும் அது கவனிப்பதில்லை. உன் முகத்தையும் கையில் இருக்கும் கருவியையும்தான் பார்க்கிறது. அப்படி ஒரே இடத்தில் கவனம் குவிந்திருக்கிற ஆளிடம் சொல்லும் சொல் நேராக உள்ளே போகும். அங்கே போய் நீ “வலிக்காது” என்கிறாய். வலி என்ற நினைப்பே இல்லாமல் வந்த பிள்ளைக்கும் அதை நீதான் எடுத்துக் கொடுக்கிறாய்.

போன மாதம் ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கார் சர்வீசுக்குப் போயிருந்ததால் பஸ்ஸில் போனேன். அடிவாரம் தாண்டினோமோ இல்லையோ, முன் சீட்டில் ஒரு அம்மா ஆரம்பித்துவிட்டாள். “வாந்தி வருதா? வந்தா உடனே சொல்லிடு. இந்தா, கவரைக் கையிலேயே வெச்சிரு.” பையனுக்கு ஏழெட்டு வயசு இருக்கும். அதுவரை ரோட்டோரத்துக் குரங்குகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தவன், கவரை வாங்கினதும் அதையே பார்க்க ஆரம்பித்தான். முதல் வளைவு திரும்பியதும், “இப்ப வருதா?” என்றாள். அடுத்த வளைவில் பக்கத்து சீட்டுக்காரர் எலுமிச்சம்பழத்தை நீட்டி, “மோந்து பாரு தம்பி, குமட்டாது” என்றார். மூன்றாவது வளைவில் பையன் வாயைப் பொத்திக்கொண்டான். பெற்ற பாசத்தில்தான் அவள் கேட்டாள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் என் அறையில் நான் செய்வதைத்தான் அவளும் செய்தாள். ஒரே விஷயத்தின் மேல் கவனத்தைத் திருப்பி, அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, உடம்பு அதற்குப் பதில் சொல்லும்வரை விடவில்லை.

நான் எட்டி, “தம்பி, வளைவுக்கு வளைவு நம்பர் போர்டு இருக்கும். எனக்கு இங்கிருந்து தெரியல. நீ பார்த்துப் படிச்சுச் சொல்றியா?” என்றேன். சன்னமான குரலில் “நாலு” என்றான். ஆறுக்கு நிமிர்ந்து உட்கார்ந்தான். பத்துக்கு மேல் மொத்த பஸ்ஸுக்கும் கேட்கிற மாதிரி கத்தினான். இருபதாவது வளைவு தாண்டியதும் “அவ்ளோதானா?” என்று கேட்டான். அந்தக் கவரில் அவன் அம்மா ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கி ஆரஞ்சு வாங்கிப் போட்டுக்கொண்டாள். வெளியே தூரத்தில் பார்த்துக்கொண்டு வந்தாலே குமட்டல் குறையும். காது உணரும் அசைவும் கண் பார்க்கும் அசைவும் அப்போது ஒத்துப்போகும். அதனால் முழுப் பெருமையையும் நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் “வாந்தியை நினைக்காதே” என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை வாந்தியைத்தான் நினைத்திருக்கும். அதற்கு வேறு வேலை கொடுத்ததுதான் நம் தொழில்.

உன் துறைக்குப் பக்கத்திலேயே இதற்கு ஆராய்ச்சி இருக்கிறது. ‘பெயின்’ என்ற மருத்துவ இதழில் 2005-ல் வந்தது. ரத்தக்குழாய் வழியாகவும் மற்ற வழிகளிலும் ஊசி, குழாய் செலுத்தும் சிகிச்சைக்குப் படுத்திருந்தவர்களிடம் டாக்டர்களும் நர்ஸுகளும் என்ன பேசுகிறார்கள் என்று வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். வலி, எரிச்சல் என்று முன்கூட்டியே எச்சரித்தபோதெல்லாம் வலியும் கூடியது, பதற்றமும் கூடியது. வலித்த பிறகு “பாவம், ரொம்ப வலிச்சுதா” என்று அனுதாபப்பட்டால் வலி கூடவில்லை, ஆனால் பதற்றம் கூடியது. நம் ஊரில் ஊசி போட்டதும் சுற்றி நிற்கிறவர்கள் ஆளாளுக்கு “அச்சச்சோ” போடுவார்களே, அதை நினைத்துக்கொண்டேன்.

பொய்யும் சொல்லிவிடாதே. வலிக்கப்போகிற இடத்தில் “ஒண்ணுமே இருக்காது” என்றால் அடுத்த முறை அந்தக் குழந்தை வாயையே திறக்காது. நடக்கப்போவதை நடக்கிறபடி சொல். ஈறில் ஜெல் தடவும்போது, “இந்த இடம் கொஞ்ச நேரத்துல தடிச்ச மாதிரி ஆகும், நாக்கால தொட்டுப் பாரு, எப்படி இருக்குன்னு சொல்லு” என்று சொல். ஊசி போடும்போது, “ஒரு அழுத்தம் தெரியும், அப்ப கால் கட்டைவிரலை ஆட்டிக்கிட்டே இரு, நிறுத்தக் கூடாது” என்று சொல். கட்டைவிரலை ஆட்டுகிற பிள்ளைக்கு அங்கே ஒரு கண், இங்கே ஒரு கண். முதலில் சொல்லி, பிறகு காட்டி, அப்புறம் செய்வது என்று உனக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் ‘சொல்லி’ என்ற பகுதியைத்தான் எல்லாரும் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஏற்காட்டில் அன்று நான் பேசியதும் இதைத்தான். எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்றேன். கிளிமூக்கு மாங்காய் ஒன்று கையில் இருக்கிறது, காம்பில் பால் வடிகிறது, கத்தி வைத்ததும் நறுக்கென்று சத்தம், கீற்றுக் கீற்றாக நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தடவி ஒன்றை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிக்கிறீர்கள் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அறை முழுக்க எச்சில் விழுங்கும் சத்தம். மாங்காயே இல்லை, ஆனால் எச்சில் உண்மை. “உங்க வார்த்தை ஒரு பிள்ளையோட உமிழ்நீரையே சுரக்க வைக்கும்னா, ‘உனக்குக் கணக்கு வராது’ங்கிற வார்த்தை என்ன பண்ணும்?” என்று கேட்டேன். கடைசி வரிசையில் ஒரு சார் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு அது போதும்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கோவா போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பணஜியில் ஒரு பாதிரியார் சிலை. கை இரண்டையும் நீட்டிக்கொண்டு நிற்பார், முன்னால் ஒரு பெண் சாய்ந்துகொண்டிருப்பாள். நீ பயந்து உங்கப்பா முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். அவர்தான் அபே ஃபாரியா. 1756-ல் கோவாவில் பிறந்து, பாரிஸில் போய் இந்தக் கலையைச் செய்துகாட்டி, 1819-ல் அங்கேயே இறந்தார். அவருக்கு முன்னால் மெஸ்மர் என்பவர் தன்னிடமிருந்து ஒருவிதக் காந்தசக்தி பாய்கிறது என்று சொல்லிவந்தார். பிரான்ஸ் அரசர் 1784-ல் அதைச் சோதிக்க ஒரு குழு போட்டார். அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியல் அறிஞர் லவாய்சியரும் அதில் இருந்தார்கள். ஃபிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு ஆப்ரிகாட் மரத்துக்கு ‘சக்தி’ ஏற்றிவிட்டு, ஒரு பன்னிரண்டு வயசுப் பையனைக் கண்ணைக் கட்டி மரம் மரமாகக் கூட்டிப்போனார்கள். அவன் சக்தி ஏற்றாத வேறொரு மரத்தடியில் மயங்கி விழுந்தான்! காந்தமும் இல்லை, மண்ணும் இல்லை, கற்பனைதான் வேலை செய்கிறது என்று குழு எழுதிவிட்டது. கற்பனையே ஒரு ஆளை மயங்கி விழவைக்கிறது என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம்! ஃபாரியா அதைத்தான் பிடித்துக்கொண்டார். சக்தி என்னிடம் இல்லை, எதிரில் இருப்பவரிடம்தான் இருக்கிறது என்று சொன்னார். நம் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவர் பாரிஸ்காரர்களுக்கு அதைச் சொன்னார் என்பதில் எனக்கு இன்றைக்கும் தனிப் பெருமை.

எனக்கு இன்னொருவரையும் ரொம்பப் பிடிக்கும். ஜேம்ஸ் பிரெய்டு, மான்செஸ்டரில் டாக்டராக இருந்தவர். 1841-ல் ஒரு மேடை நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்து வீட்டிலேயே சோதித்துப் பார்த்தார். நண்பர் ஒருவரை ஒரு மதுப்புட்டியின் கழுத்தையே பார்க்கச் சொன்னார், மனைவியைச் சர்க்கரைக் கிண்ணத்தின் பூவேலையையே பார்க்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்கும் கண் சொருகிவிட்டது. மந்திரக் கண்ணும் வேண்டாம், ஆடுகிற கடிகாரமும் வேண்டாம், சர்க்கரைக் கிண்ணம் போதும். உன் கிளினிக்கில் மேலே தொங்கும் லைட் இருக்கிறதே, அதன் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவை, குழந்தை அதையே பார்க்கட்டும்.

சரி, உன் தொழிலுக்கு நேராக வரும் ஒரு கதை. இங்கே சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர் வந்தார். ராத்திரி தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார், மனைவிக்குத் தூக்கமே இல்லை. கடைவாய்ப் பற்கள் தேய்ந்து தட்டையாகியிருக்கின்றன. பல் டாக்டர் கவசம் செய்து கொடுத்து, இதையும் பாருங்கள் என்று என்னிடம் அனுப்பியிருந்தார். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தும் தாடை இறுகித்தான் இருந்தது. “தளர்த்துங்க” என்றால் இன்னும் இறுகும், அது உனக்கே தெரியும். அதனால் அவர் வேலையைப் பற்றிக் கேட்டேன். அப்பா காலத்தில் வாயால் ஊதும் குழல் வைத்துத்தான் பற்றவைத்தார்களாம், இவரும் அதில்தான் கற்றுக்கொண்டார். இப்போது கேஸ். சின்னச் சின்ன வளையங்களை இணைக்கிற இடத்தில் பற்றவைக்கும் பொடியை வைத்துத் தீயைக் காட்டவேண்டும். பொடி உருகி ஒரு நொடி பளிச்சென்று ஓடும். அந்த நொடியில் தீயை எடுக்கவேண்டும். தாமதித்தால் வளையமே உருகிவிடும். இதைச் சொல்லும்போதே அவர் கண் அங்கே இல்லாத கொலுசின் மேல் நின்றுவிட்டது, இமைப்பது குறைந்துவிட்டது. பக்கத்து அறையில் கதவு சாத்தியதுகூட அவருக்குக் கேட்கவில்லை.

நான் வேறொன்றும் செய்யவில்லை. “அந்தக் குழலை வாயில வெச்சு ஊதுங்க, அப்பா பக்கத்துல உக்காந்திருக்கார்” என்றேன். உதடு குவிந்தது, பல் பிரிந்தது, தாடை கீழே இறங்கியது. அப்படி ஊதும்போது பல்லைக் கடிக்க யாருக்கும் தோன்றாது, பாப்பா! அவர் பத்து வயசில் கற்ற பழக்கத்திலேயே மருந்து இருந்தது. படுத்ததும் அப்படி மெதுவாக ஊதிக்கொண்டே தூங்கச் சொல்லியிருக்கிறேன். சத்தம் ரொம்பக் குறைந்துவிட்டது என்று அவர் மனைவி சொன்னாள். கவசத்தை விடக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினேன். வெள்ளி விலை ஏறி இறங்கும் கவலை அவருக்கு இருக்கத்தான் இருக்கிறது, அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

ஆனால் ஊர் ஜனங்கள் நம்மை வேறு மாதிரிதான் பார்க்கிறார்கள். அழகாபுரத்தில் ஒரு கல்யாணத்தில், என் பக்கத்து இலையில் உட்கார்ந்த அத்தை பந்தி முடியும்வரை என் கண்ணைப் பார்க்கவே இல்லை. இலையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் உப்பைத் தள்ளச் சொன்னார். ஒரு அம்மா மாமியாரைச் சொன்னபடி கேட்க வைக்கமுடியுமா என்று கேட்டாள். அவளுக்குப் பொறுமையாகச் சொன்னேன்: ஹிப்னாசிஸில் இருப்பவர் தூங்குவதும் இல்லை, மயங்குவதும் இல்லை. வேண்டாம் என்றால் எழுந்து போய்விடுவார். உண்மையும் அதுதான். ஆழ்ந்து படுத்திருந்த ஒருவர் நடுவில் கண்ணைத் திறந்து, “மேடம், வண்டியை கேட்டுக்கு முன்னாடியே விட்டுட்டேன்” என்று இறங்கிப் போய் நகர்த்திவிட்டு வந்து, மறுபடி படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

மோதிரம் தொலைத்தவர்களும் வருகிறார்கள். எங்கே வைத்தேன் என்று ‘உள்ளே போய்’ பார்க்கச் சொல்லுங்கள் என்பார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. ஹிப்னாசிஸில் ஞாபகம் கூர்மையாவதில்லை, ஞாபகத்தின் மேல் நம்பிக்கைதான் கூடுகிறது. நடக்காததையும் நடந்ததாக உறுதியாகச் சொல்வார்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் முகம் அந்தக் கற்பனையில் வந்துவிட்டால் அவள் பிழைப்பு என்னாவது? போன பிறவியைப் பார்க்கவேண்டும் என்று வருகிறவர்களையும் இதே காரணத்துக்காகத்தான் திருப்பி அனுப்புகிறேன். இந்த இரண்டிலும் நல்ல வருமானம் இருக்கிறது என்று தெரியும். வேண்டாம்.

எல்லாருக்கும் இது ஒரே மாதிரி வேலை செய்யாது என்பதையும் தெரிந்துகொள். ஹிப்னாசிஸ் யாருக்கு எவ்வளவு வேலை செய்யும் என்று அளக்க, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1959-ல் ஒரு அளவுகோல் செய்தார்கள், 12 மதிப்பெண். சிலர் கிட்டத்தட்ட முழு மதிப்பெண் வாங்குவார்கள், சிலருக்குப் பூஜ்யத்தைத் தாண்டுவதே கஷ்டம், பெரும்பாலானவர்கள் நடுவில். அதே ஆட்களை 25 வருஷம் கழித்துச் சோதித்தபோதும் பெரிய மாற்றம் இல்லை. உங்கப்பா பூஜ்யத்துக்குப் பக்கம். “கை கனமாகுது, கனமாகுது” என்று நான் சொன்னால், “ஆமா, நேத்து தண்ணி கேன் தூக்கினேன்ல” என்பார். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மன உறுதிக்கும் சம்பந்தமில்லை. ஒரு குழந்தை ஒத்துழைக்கவில்லை என்றால் அது பிடிவாதக்காரக் குழந்தை என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடாதே.

குழந்தைகள் பெரும்பாலும் நமக்குச் சாதகம்தான். எட்டிலிருந்து பன்னிரண்டு வயசுக்குள் இந்தத் திறன் உச்சத்தில் இருக்கும். ஆறு வயசுக்குக் கீழே இருப்பதுகளிடம் கண்ணை மூடு, உடம்பைத் தளர்த்து என்பதெல்லாம் செல்லாது. கண்ணைத் திறந்துகொண்டு, காலை ஆட்டிக்கொண்டேதான் அதுகள் கற்பனைக்குள் போகும். வந்ததும் பல்லைப் பற்றிக் கேட்காதே. எந்த வண்டி பிடிக்கும், வீட்டில் நாய் உண்டா, கிரிக்கெட்டா கபடியா என்று கேள். பிடித்தது கிடைத்துவிட்டால் நாற்காலியை அதற்குள் கொண்டுபோ. ரயில் பிடிக்கும் என்றால் டிரில் சத்தம் சுரங்கப்பாதை. வாயில் தண்ணீர் உறிஞ்சும் குழாய் வழியில் வரும் ஸ்டேஷன். ரயிலை ஓட்டுவது அந்தப் பிள்ளைதான், நீ கார்டு. இடது கையைத் தூக்கினால் வண்டி உடனே நிற்கும் என்று சொல்லிக்கொடு. தூக்கினால் கண்டிப்பாக நிறுத்து, ஒரு முறைகூடத் தவறக் கூடாது. நிறுத்தும் அதிகாரம் தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பல குழந்தைகள் கையைத் தூக்கவே மாட்டார்கள்.

குரலைப் பற்றி ஒன்று. குழந்தை மூச்சை வெளியே விடும்போது பேசு. நெஞ்சைப் பார்த்தாலே தெரியும். முதலில் அதன் வேகத்துக்கே பேசு, அப்புறம் நீ மெல்ல மெல்ல நிதானமாகு, அதுவும் பின்னால் வரும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசவேண்டும். அம்மா ஒருபக்கம், நர்ஸ் ஒருபக்கம், நீ ஒருபக்கம் என்று மூன்று பேர் பேசினால் அந்தப் பிள்ளை யாரைத்தான் கேட்கும்? அம்மாவுக்கு ஒரு வேலை கொடுத்துவிடு, காலைப் பிடித்துக்கொள்ளச் சொல்.

இவ்வளவு சொன்னதால் மரத்துப்போகும் ஊசியை விட்டுவிடலாம் என்று நினைத்துவிடாதே. ஜேம்ஸ் எஸ்டைல் என்ற டாக்டர் 1845-ல் வங்காளத்தில் ஹூக்ளியில் மெஸ்மரிசத்தை வைத்தே பெரிய பெரிய கட்டிகளை அறுத்து எடுத்தார். கல்கத்தாவில் அதற்கென்று ஆஸ்பத்திரியே நடந்தது. அப்போது வேறு வழி இல்லை. அடுத்த இரண்டு வருஷத்துக்குள் ஈதரும் குளோரோஃபாரமும் வந்துவிட்டன. உன்னிடம் மரத்துப்போக வைக்கும் லிக்னோகேயின் மருந்து இருக்கிறது, அதை ஒழுங்காகப் போடு. இது அதற்குத் துணை. கண்ணை மூடவைத்து முறையாகச் செய்யும் ஹிப்னாசிஸை, பயிற்சி எடுக்காமல் நீ தொடவே கூடாது. வலிப்பு இருக்கிற குழந்தைகள், ரொம்ப மன உளைச்சலில் இருக்கிற குழந்தைகள் வந்தால் மனநல டாக்டரைக் கேட்காமல் ஒன்றும் செய்யாதே.

உன் டிபார்ட்மென்டில் பெரிய டாக்டரிடம் இதைச் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள். உனக்கு மராத்தி இன்னும் சரளமாக வராது என்பதால், நாற்காலியில் நீ வழக்கமாகச் சொல்கிற வாக்கியங்களை அப்படியே தமிழில் எழுதி எனக்கு அனுப்பு. எதெல்லாம் பயத்தைக் கிளப்பும் என்று கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். அப்புறம் உங்கள் நர்ஸம்மாவை உட்காரவைத்து, அந்த ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் பேசுகிற பேச்சில் மாற்றிக்கொள். புத்தகத்து மராத்தி வேண்டாம்.

அன்புடன்,
அம்மா

பி.கு: மல்கோவா ஒரு பெட்டி செவ்வாய்க்கிழமை பார்சலில் போடுகிறோம். வந்ததும் வைக்கோலைப் பிரித்துப் பழங்களைப் பரப்பிவை, நாக்பூர் சூட்டுக்கு இரண்டு நாளில் பழுத்துவிடும்.